வாத்தியார் வெளிக்கிடவில்லை

என் தம்பி தமிழ் வாத்தியார். கண் பார்வை முற்றாகப் போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஊர்காவற்றுறையில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறான். அவன் பேசுவான். பிள்ளைகளோ வெட்கத்திலோ டேட்டாவில் கஞ்சம் பிடித்தோ வாய் திறக்காமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார்கள். அதைக் கணினியில் ஒரு மென்பொருள் அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டும். ஆர்வலர்கள் கூடிச் செய்து இலவசமாகத் தருவது அது. அதில் பேசும் பெண் குரலுக்குத் தமிழ்நாட்டுச் சாயல் இருந்ததால் நாங்கள் அவளுக்கு மதுரைக்காரி என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதோடு மதுரைக்காரி வாயை மூடிவிட்டாள். அன்று மாலை அவன் மனைவி, என் மச்சாள், வகுப்பைத் திறந்து கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போக, தம்பி ஒற்றையாளாகப் பாடத்தை நடத்தி முடித்தான். மைக் மூடியே இருந்திருக்கிறது. ‘சேர், சத்தம் கேக்கேல்லை’ என்று எழுதி எழுதிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பியிருக்கிறார்கள். மச்சாள் திரும்பி வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரியும்.

“சுவருக்குப் படிப்பிச்சிருக்கிறன் அக்கா,” என்றான் மறுநாள். “திங்கக்கிழமையும் இப்பிடியெண்டா வகுப்பை விட்டிடுவன்.”

பக்கத்தில் இருந்து நான் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டான். வகுப்பென்றால் தானும் பிள்ளைகளும் மட்டுமே இருக்க வேண்டும், காவலுக்கு அக்கா எதற்கு என்பது அவன் எண்ணம். மனம் நொந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

இணையத்தளங்கள் செய்து கொடுப்பது என் தொழில். ஆகவே அந்த மென்பொருள்காரர்களின் குழுமத்தில் போய் முறைப்பாடு எழுதுவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே மென்பொருளின் பிழையை வழு என்பார்கள். இலக்கணத்தில் படித்த சொல் என்று தம்பிக்கு அதில் பெருமை. நான் வழுவை இப்படி எழுதினேன்: ‘புதுப்பிச்ச நேரம் தொடக்கம் மென்பொருள் வெளிக்கிடுதில்லை. வடிவாப் பாருங்கோ.’

அதைச் செய்தவர்களில் ஒருவர் உடனே பதில் போட்டார். ‘நண்பரே, ஆல்ட், எஃப் நான்கு இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போதும் வெளியேறவில்லை என்றால் கணினியை அணைத்துவிடுங்கள். வடிவத்தில் என்ன குறை என்று ஒரு படமும் அனுப்புங்கள்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றைக் கேட்டால் ஒன்றைச் சொல்கிற மனுசனுக்கு நல்ல பதில் கொடுக்கிறேன் என்று தட்டத் தொடங்கினேன். என்ன எழுதியிருக்கிறார் என்று தம்பி கேட்டான். வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

“எங்களுக்கு வெளிக்கிடுறதெண்டா புறப்படுறது. அவருக்கு அது வெளியேறுறது. தொடங்குதில்லை எண்டு நீங்கள் சொல்ல, முடியுதில்லை எண்டு அவர் விளங்கியிருக்கிறார். வடிவா எண்டு கவனமாப் பாக்கச் சொன்னதையும் வடிவம் எண்டு எடுத்திருக்கிறார். பாவம், அவரில பிழையில்லை.”

எழுதியதை அழித்துவிட்டு, பள்ளிக்கூடத் தமிழில் மறுபடி எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, தன்னுடைய கணினியில் நன்றாகத்தான் தொடங்குகிறது என்றும் சொன்னார். என்னுடைய மடிகணினியிலும் போட்டுப் பார்த்தேன். வெட்கமில்லாமல் அதுவும் தொடங்கியது. தம்பியுடையது மட்டும் கல்லுப் போல இருந்தது. கழற்றிப் போட்டோம், திரும்பப் போட்டோம். பழைய பதிப்பைப் போட்டால் அது தானாகவே புதியதாக மாறிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு அழைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம் என்று கடைக்காரர் உற்சாகமாகச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் அந்த நண்பர், மென்பொருள் தொடங்கும்போது தான் செய்வதை எழுதிவைக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி, அதை அப்படியே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ‘நடுவில் இத்தனை கேள்விக்குறிகள் எதற்கு?’ என்று கேட்டார். பார்த்தால், கணினிக்குச் சொந்தக்காரரின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நின்றன.

அந்தப் பெயரை வைத்தது நான். கணினியை வாங்கிக் கொடுத்த அன்று, அவனைச் சீண்டுவதற்காக, ‘வாத்தியார்’ என்று தமிழிலேயே பதிந்திருந்தேன். புதிய பதிப்பு அந்தத் தமிழ் எழுத்துகளைக் கண்டதும் தடுமாறி, கேள்விக்குறி என்ற பெயரில் ஓர் ஆளைத் தேடிப் போய், காணாமல் படுத்துவிட்டது. தமிழ் வாசிப்பதற்கென்றே பிறந்த மென்பொருளுக்கு வாத்தியாரை வாசிக்கத் தெரியவில்லை. செய்தவர்கள் எல்லோருடைய கணினியிலும் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை. நண்பர் ‘எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது’ என்று எழுதினார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

பெயரை ஆங்கிலத்தில் மாற்றி வேலையை முடிப்போம் என்றான் தம்பி. நான் ஒரேயடியாக மாட்டேன் என்றேன். வகுப்பு திங்கள் மாலை, பெயர் மாறாது என்று நண்பருக்கு எழுதினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. திங்கள் மத்தியானம் திருத்திய பதிப்பு வந்தது. நாரந்தனையில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து போட்டேன். மதுரைக்காரி வணக்கம் சொன்னாள். பிறகு, புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று தானே வாசித்தாள்: ‘பயனர் பெயர் தமிழில் இருந்தால் மென்பொருள் வெளிக்கிடாத வழு நீக்கப்பட்டது.’

எங்கள் சொல்லையே போட்டிருந்தார் மனுசன். தம்பி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டான்.

மாலையில் அவன் தானே வகுப்பைத் திறந்தான். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றும் சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். “வணக்கம் பிள்ளைகள்,” என்று கம்பீரமாகத் தொடங்கினான். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“சேர், சத்தம் கேக்கேல்லை,” என்றாள் மதுரைக்காரி.

இன்றும் மைக்கைத் திறக்க மறந்திருக்கிறான். அவன் சிரித்துச் சிரித்து விசையைத் தேடித் தட்டியது குசினிவரை கேட்டது. “இப்ப கேக்குதோ?” என்றான்.

ஓம் சேர், ஓம் சேர், ஓம் சேர் என்று மதுரைக்காரி மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனாள். தேத்தண்ணி கோப்பையை நிறைத்து மேசையில் வழிவதை நான் பார்க்கவில்லை.