பாலத்தை ஒட்டி ஒரு படகு

கொடைக்கானலில் முப்பத்தோரு வருடம் குடியிருந்தும் நான் ஏரியில் படகு ஏறியதில்லை. உள்ளூர்க்காரர்கள் அநேகமாக யாரும் ஏறுவதில்லை. படகும் குதிரையும் சாக்லேட்டும் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு. எங்களுக்கு ஏரி என்பது வேலைக்குப் போகிற வழியில் சுற்றிக்கொண்டு போகவேண்டிய ஒரு தடங்கல், அவ்வளவுதான். நர்சரி ஸ்கூல் டீச்சரான என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டபோதெல்லாம், "நாம என்ன டூரிஸ்டா?" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

போன கார்த்திகையில் அவள் இறந்துபோனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து அந்த வருடம்தான் ஓய்வுபெற்றவனுக்குப் பகல் எத்தனை நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டுப் பழகவே மூன்று மாதம் ஆயிற்று. கூட்டம் குறைந்த ஒரு புதன்கிழமை, அவள் கேட்டதை இப்போதாவது செய்துவிடுவோம் என்று படகுத்துறைக்குப் போனேன். செய்தால் மனசு ஆறும் என்று நம்பினேன்.

டிக்கெட் கொடுக்கும் பெண் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"தனியாளுக்குப் பெடல் போட் தர்றதில்லங்க சார். ரெண்டு பேர் வேணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பேராக வர முடிந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்? துடுப்புப் படகு என்றால் படகோட்டி கூட வருவார், அதில் போகலாம் என்றாள்.

படகோட்டிக்கு என் வயசு இருக்கும். காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்தார். உள்ளூர் என்று சொல்ல வெட்கப்பட்டு, மதுரையிலிருந்து வருவதாகச் சொன்னேன். அவர் துடுப்புப் போட்டார். ஏரி விரல் விரித்த கை மாதிரி. ஒவ்வொரு விரலுக்குள்ளும் போய்த் திரும்பினோம். தண்ணீரிலிருந்து பார்த்தபோது அது வேறு யாருடைய ஊரோ போலிருந்தது. தினமும் நடந்த சாலைகூடப் பிடிபடவில்லை.

"அந்தா, மரத்துக்குப் பின்னால பச்சைத் தகரம் தெரியுதுல்ல, அது உங்க வீடுதானே சார்?" என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டேன். "எப்படித் தெரியும்?"

"டீச்சரம்மா காட்டியிருக்காங்க. புதன்கிழமை நர்சரி ஸ்கூல் வெள்ளனே விட்டுரும், நேரா இங்க வந்துருவாங்க. நாலஞ்சு வருசமா நம்ம படகுதான். ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு, எப்படியோ அவள் ஆசை தீர்ந்ததே என்று ஒரு நிம்மதி. எனக்காகக் காத்திருக்காமல் அவளே போய்விட்டாள் என்று நினைத்தேன். அதுவும் தப்பு.

ஏரி குறுகும் கோடியில், சாலை கடக்கும் சின்னப் பாலத்தை ஒட்டி அவர் படகை நிறுத்தினார். வேலை விட்டு நான் தினமும் வீட்டுக்குப் போன பாலம்.

"இங்கனதான் நிறுத்தச் சொல்வாங்க. நாலரைக்கு நீங்க மேல போவீங்க. 'இன்னைக்குக் குனிஞ்சு பாப்பாரு, பாருங்கண்ணே'ம்பாங்க. பாத்தா உங்களையும் ஏத்திக்கிடலாம்னு அவுகளுக்கு நெனப்பு."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

"நானும் சொன்னேன் சார். கூப்பிட்டா வைவாரு, அவராப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க."

எத்தனையோ புதன்கிழமைகள் அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன். வழியை அடைத்து நிற்கும் சுற்றுலா வண்டிகளைத் திட்டிக்கொண்டு நேரே போயிருப்பேன். கைப்பிடிச் சுவர் என் இடுப்பளவுதான். சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அழுதுவிட்டேன். படகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே ஒரு பெண் பால் பாக்கெட்டோடு போனாள். அப்புறம் போனைப் பார்த்தபடி ஒருவர். இரண்டு பேரும் கீழே பார்க்கவில்லை.

"நேரமாச்சுங்க சார். திருப்பட்டுமா?"

"இன்னும் ஒருத்தர் வரட்டும்," என்றேன்.