பீச்சாங்கைக்கு ஒரு வைத்தியம்

இந்த ஊரில் எல்லோரும் பீச்சாங்கையால் சாப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வலது கையில் கத்தி, இடது கையில் ஃபோர்க். கத்தி அறுக்கும், ஃபோர்க் வாய்க்குப் போகும். இங்கிலாந்தின் லீட்ஸில் நான் பாத்திரம் கழுவும் உணவகத்தில், வேலையாட்களின் மேசையில், வந்த புதிதில் இதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நான் ஓரமாக உட்கார்ந்து டப்பாச் சோற்றை வலது கையால் பிசைவேன். இடது கையில் போன். அதில் திண்டிவனத்திலிருக்கும் அம்மா. இங்கே என்னோடு சாப்பிட வேறு ஆள் இல்லை.

சென்ற ஆண்டு, யாரோ குடித்துவிட்டு வைத்த ஒயின் கிளாஸ் கழுவும்போது உடைந்து என் இடது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பு துண்டாகிவிட்டது. சுண்டு விரல் முழுக்கவும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயின. ஒரே விரலில் ஒரு பக்கம் என்னுடையது, மறுபக்கம் யாருடையதோ.

“கிளாஸா? நீ அங்க குடிச்சிக்கினு இருக்கியா?” என்றுதான் அம்மா முதலில் கேட்டாள்.

“வேற யாரோ குடிச்சதும்மா. நான் கழுவிக்கினு இருந்தேன்.”

“எந்தக் கை?”

“இடது.”

“நல்லவேள, சோத்துக்கை தப்பிச்சிது. பீச்சாங்கைதான, வுடு.”

மருத்துவர்கள் நரம்பைத் தைத்தார்கள். ஆனால் தைத்தது உறையைத்தானாம். உள்ளே நரம்பிழைகள் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை புதிதாக வளர்ந்து போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வெட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் செல்கள் அலுத்துப்போய், வருகிற இழைக்கு வழிகாட்டுவதை நிறுத்திவிடுமாம். அவை அலுக்காமலிருக்க, நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸில் ஒரு மரபணுவை ஏற்றி ஊசியாகப் போட்டுப் பார்க்கிறோம், அந்த ஆய்வில் சேர்கிறாயா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஊசியை உடனே போட வேண்டும். போட்டபின் சில மாதங்கள் இந்த நாட்டை விட்டுப் போகக் கூடாது.

அந்த மாதங்களில்தான் விழுப்புரத்தில் என் தங்கை செல்விக்குக் கல்யாணம். அவளுக்குப் பொரியிட வேண்டிய அண்ணன் நான் ஒருவன்தான்.

“பீச்சாங்கைக்கா தங்கச்சி கல்யாணத்த வுடுற?” என்றாள் அம்மா.

“ஒரு தட்டுகூட நிக்க மாட்டேங்குதும்மா இந்தக் கையில. வேலை போயிடும்.”

“சரி, பெரிப்பா மவன நிக்க வெச்சிக்கிறேன்” என்றாள்.

கல்யாணத்தை என் அறையில் போனில் பார்த்தேன். இங்கே இன்னும் விடியவில்லை. போன் நழுவுவது கைக்குத் தெரியவில்லை. கெட்டிமேளம் தரையிலிருந்து கேட்டது. குனிந்து எடுப்பதற்குள் தாலி ஏறிவிட்டிருந்தது. வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி “ஆர் யூ ஓகே?” என்றான். “ஓகே” என்றேன். போய்விட்டான். வெறும் உப்புத்தண்ணீருக்காகத்தான் இதையெல்லாம் விட்டேனோ என்று அன்றைக்குத் தோன்றியது, அதன் பிறகு தோன்றாத நாளில்லை.

ஆய்வில் என் கையைச் சோதிப்பவர் கேரன் என்ற பெண். போன முறை, சாப்பிடுவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம்கூடவா? கொஞ்சம்கூட இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஃபோர்க்கை நன்றாகப் பிடிக்க முடிகிறதா என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் ஃபோர்க் பிடிப்பதே இல்லை, வலது கையால் சாப்பிடுகிறவன் என்றேன். கேரன் எழுதியதை அடித்தார்.

“அப்படியானால் இடது கையால் என்னதான் செய்வீர்கள்?”

அம்மாவைப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்ல வந்தேன். “போன் பிடிப்பேன்” என்றேன்.

சென்ற வாரம் மதியச் சாப்பாட்டில், செல்வி மாப்பிள்ளையோடு வந்து போனது, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க ஆள் கிடைக்காதது என்று அம்மா நெடுநேரம் பேசினாள். உள்ளங்கை ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, ஏதோ குறுகுறுத்தது. பிறகு சுட்டது.

“அம்மா, சூடா இருக்கு.”

“ஆற வெச்சித் துன்னு.”

“சோறு இல்லம்மா. போன். பேசிப் பேசி சூடாயிடுச்சி. அது கைக்குத் தெரியுது.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “மருந்தா, தண்ணியா?”

“தெரியல.”

“எதுவா இருந்தா இன்னா. அப்ப வந்துடலாமில்ல?”

நான் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அம்மா போனை வைத்துவிட்டாள். மோதிர விரலின் மறுபாதிக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை. வலது கையில் சோறு காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. உள்ளே கழுவத் தட்டுகள் குவிந்து கிடந்தன, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இடது கையில் போன் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அது முழுக்க ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.