பாய்லர் அணைஞ்சிருந்தப்ப ஊதின சங்கு

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். இன்னிக்கும் அப்படித்தான். ஆனா இது என் காதால கேட்டது, நீங்க நம்பினாலும் சரி, கெழவிக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனச்சாலும் சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல ரங்கூனுக்கு எதிர்க்கரை டாலாவுல எங்களுக்கெல்லாம் அரிசி மில்லுதான் உலகம். எங்க அப்பா ஒரு மில்லுல பாய்லர்காரர். உமியப் போட்டு எரிச்சு நீராவி ஏத்தி, காலையில சங்கு ஊதுறதும் அவர்தான். எங்க மில்லுச் சங்கு முடியுறப்ப கரகரன்னு இழுக்கும், தூக்கத்துல கேட்டாக்கூட நாங்க பிள்ளைங்க அடையாளம் சொல்லிடுவோம்.

ஒரு தடவ பாய்லரக் கழுவுறதுக்காக நெருப்ப அணைச்சு மில்ல மூடியிருந்தாங்க. அப்பப் பார்த்து அம்மாவுக்கு வலி எடுத்துச்சு. குழந்த குறுக்கால கெடக்கு, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. விடிஞ்சதும் கோ தூன்னு ஒரு பர்மாக்காரரோட சம்பான் படகுல அம்மாவப் படுக்க வச்சு, அப்பாவும் நானும் ஏறினோம். நடு ஆத்துல பனி மூடிச்சு பாருங்க, துடுப்பு நுனிகூடத் தெரியல. கரை எந்தப் பக்கம்னே தெரியாம தண்ணி எங்கள இழுத்துக்கிட்டுப் போகுது. அம்மா முனகலும் அடங்கிக்கிட்டே வந்துச்சு, எனக்கு அதுதான் பெரிய பயம்.

அப்ப வலது பக்கமா சங்கு ஊதிச்சு. அதே கரகரப்பு. அப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "நம்ம சங்கும்மா"ன்னார். சங்கு டாலாவுல, அப்ப ரங்கூன் அதுக்கு எதிர்ப்பக்கம். அவர் அதச் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள, கோ தூன் சத்தத்துக்கு முதுகக் காட்டிப் படகத் திருப்பிட்டார். கொஞ்ச நேரத்துல நாங்க இருந்த இடத்து வழியா ஒரு பெரிய கப்பல் போச்சு, அந்த அலையில சம்பான் ஆடுச்சே தவிர கவிழல.

அன்னிக்கு மத்தியானம் தங்கச்சி பொறந்தா, அம்மாவும் பிழைச்சாங்க. தங்கச்சி பேரன் பேத்தி எடுத்து இன்னிக்கும் நல்லா இருக்கா.

அப்பா திரும்பிப் போய்ப் பார்த்தா, பாய்லர் மூடியக் கழட்டிப் போட்டு, தொட்டா சில்லுன்னு கெடக்கு. மில்லு ஆளுங்க குடியிருந்த லயன்ல ஒருத்தருக்கும் சங்கு கேக்கலயாம்.

அதுகூடப் பரவால்ல. கோ தூன் ஒரு சீப்பு வாழப்பழத்தோட குழந்தையப் பார்க்க வந்தார். சங்கக் கேட்டு நீங்க திருப்பினதாலதான் தப்பிச்சோம்னு அப்பா சொன்னதும், அவர் ஒண்ணும் புரியாமப் பார்த்தார்.

"சங்கா? எனக்குக் கேக்கலயே. இடது பக்கமிருந்து எங்க அம்மா கூப்பிட்டாங்க, அதான் திருப்பினேன்"ன்னார்.

அவங்கம்மா அந்த ஆத்தோட போய் அப்பவே பல வருஷமாச்சு.