போலந்துச் சீமாட்டிக்கு அம்மா சொன்ன தீர்ப்பு

பதினொரு வயதில் நான் ஒரு போலந்துச் சீமாட்டி. வகுப்பில் ஆளுக்கொரு வரலாற்றுப் பெண்ணைப் போல உடுத்தி வந்து அவள் கதையைச் சொல்லவேண்டும். தோழிக்கு விண்வெளி வீராங்கனை கிடைத்தாள்; எனக்கு, யாரும் கேள்விப்படாத இவள். சீ என்று போய்விட்டது. அவளுடைய கவுனைப் படத்தில் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

கவுனைத் தைத்தவள் எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை. அவளுக்கு அப்போது ஒரே கவலை. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊருக்கு, பக்கத்து நகரான லவாலிலிருந்து ஒருவர் ஞாயிறுதோறும் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வெளிப்படியேறி வருவார். சித்தியைக் கட்ட ஆசைப்பட்டவர். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் மட்டக்களப்புச் சைவர்கள். அதனால் அம்மா கத்தரிக்காயை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். அக்கா சம்மதிக்காமல் கலியாணம் இல்லை என்று சித்தியும் ஒரே பிடியாக இருந்தாள்.

தையல் நடக்கையில் டேப்லெட்டைப் பார்த்து நான் கதை சொன்னேன். போலந்தை அண்டை ராச்சியங்கள் பங்கு போட்டுக்கொண்டன. நாட்டை மீட்டுத் தருவார் என்று நம்பி, பிரபுக்களே இவளைப் பிரெஞ்சுப் பேரரசரிடம் தள்ளிவிட்டார்கள். அழுதுகொண்டு போனவள் பிறகு அவர்மேல் உண்மையாகவே அன்பு வைத்தாள். அவர் பாரிசில் வீடு கொடுத்தார், வந்து போனார், ஓர் ஆண்பிள்ளையும் பிறந்தது. இவளுக்கு முன்பே ஒரு கிழட்டுக் கணவர் இருந்தாராம். அந்தப் பகுதியில் படம் இல்லாததால் நான் தாண்டிவிட்டேன்.

எல்லாம் கேட்ட அம்மா, எனக்குப் போட்டுவிட ஒரு கவரிங் தாலிக்கொடியும் குங்குமமும் எடுத்து வந்தாள்.

"ஐயோ அம்மா, அவர் இவவைக் கட்டல்ல! அவர் வேற நாட்டு ராசா!"

"நாடு வேறயெண்டா என்ன? நம்மட ஊரில வீடு பொம்பிளைக்குத்தான் புள்ள. மாப்பிளதான் அங்க வந்து இருக்கிறவர். அவள்ட வீடு தேடி வந்தவரெண்டா அவர்தான் புருசன். பேசாம நில்லு!"

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப ஞாயிறு ஞாயிறா நம்மட வீடு தேடி வாறவர் ஆர் அக்கா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வெடித்ததே பார்க்கவேண்டும்! இருவரும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கவுனின் ஒரு கை இன்னும் தைக்காமல் கிடக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளியில் கைதட்டலுக்குக் குறைவில்லை. அடுத்த ஞாயிறு கதவு தட்டப்பட்டபோதும் நான் கவுனைக் கழற்றாமல்தான் திரிந்தேன்.

"படியில நிக்காதீங்க தம்பி, உள்ளுக்கு வாங்க. தேத்தண்ணி குடிப்பம்" என்றாள் அம்மா.

புதிதாக ஓர் ஆள் அகப்பட்டதும் விடுவேனா? சோபாவில் விறைத்துப்போய் இருந்தவர் முன் முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கியது. சித்தியோ அடுப்படி வாசலில் நின்று தேம்பினாள். ஒரு பெரிய மனிதரையே அழவைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.