உடம்புக்கு எத்தனை மார்க்?

எங்கள் சாம்பிள் ரூமில், ஜன்னலை ஒட்டி, என் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் துணி காயப்போடத்தான் என்று நினைத்து ஈரத் துண்டைப் போட்டுவிட்டு மேடத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அது பஸ் கம்பி. சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண் எந்த உயரத்தில் கையைத் தூக்கிப் பிடிப்பாளோ, அந்த உயரத்தை அளந்துவந்து மேடம் மாட்டவைத்தது. புதுப் பேட்டர்னில் எந்த ஸ்வெட்டர் வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கம்பியை இரண்டு நிமிடம் பிடித்து நிற்க வேண்டும். நிற்கிறவள் நான்தான்.

சந்தாபுரா பக்கத்தில் இருந்த அந்த ஸ்வெட்டர் கம்பெனியில் நூல் நறுக்கத்தான் நான் சேர்ந்தேன். என் உடம்பு மீடியம் அளவுக்கு அச்சு அசலாக இருக்கிறது என்று டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு மேடம் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வருகிற பேட்டர்ன்களில் எது பார்க்க நன்றாக இருக்கும், எதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நாள் முழுக்க நிம்மதியாக இருக்க முடியும் என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவர் வேலை. ஒரு தாளில் இரண்டு கட்டம். பார்வைக்குப் பத்து, உடம்புக்குப் பத்து. முதல் மார்க்கை அவர் போடுவார். இரண்டாவதை நான் சொல்ல வேண்டும். “போட்டிருக்கிறது நீ. உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு” என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், பிறந்த வீட்டிலும் சரி, கட்டிக்கொடுத்த வீட்டிலும் சரி, உனக்கு எப்படி இருக்கிறது என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. முதல் வாரம் பதில் சொல்லவே நாக்கு வரவில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள், நிற்கவே இல்லை. கண்டோன்மென்ட் பக்கத்துக் கூரைவீட்டில் வளர்ந்த வாய் எனக்கு. கை அகலமாகத் தொங்குகிற மாதிரி ஒரு பேட்டர்ன் வந்தது; கிளிப்பச்சை, பார்வைக்கு ஒன்பது. “இன்னா மேடம் இது, சாம்பார் ஊத்தினா கரண்டிக்கு முன்னாடி கை போய் முங்கும்” என்றேன். உடம்புக்கு இரண்டு. இன்னொன்று முதுகெல்லாம் உருண்டை உருண்டையாகப் பின்னியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் கோலிக்குண்டு மேல் படுத்த மாதிரி. சல்லடையாகப் பின்னிய ஒன்றைக் கழற்றும்போது மூக்குத்தி மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் குருடி மாதிரி நின்றேன். மேடம் சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே நூலை விடுவித்தார். டிசைன் பிரிவிலிருந்து ஆள் வந்து சண்டை போட்டால், “வாங்கிப் போடறவ என்ன கண்ணாடி முன்னாடியே நின்னுட்டிருக்கப் போறா? பஸ் பிடிக்கணும், குனியணும், குழந்தையைத் தூக்கணும்” என்று தாளை நீட்டிவிடுவார். எல்லாம் சரியாக வந்தால் மட்டும், தமிழை விட்டுவிட்டுக் கன்னடத்தில் “சென்னாகிதெ”, நன்றாக இருக்கிறது, என்பார். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் நான் உடம்புக்குப் பத்து கொடுத்ததே கிடையாது. ஒன்பதுதான் என் உச்சம்.

மேடம் மல்லேஸ்வரத்தில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். தாத்தா காலத்தில் மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பம் பக்கத்துத் தெருவில். எனக்கோ கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் இருவருக்கும் இடையில் பெரிய சிநேகிதம் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டு விஷயம் நான் கேட்டதில்லை, என் வீட்டு விஷயம் அவர் கேட்டதில்லை. ஆனால் நாளெல்லாம் பொய் சொல்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். அதுவே எவ்வளவு பெரிய துணை என்று அப்போது தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர் வரவில்லை. மார்பில் கட்டி, ஆபரேஷன் என்றார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கமாக இருந்திருந்தால் முந்தானையே மறைத்திருக்கும். டீ டம்ளரை இடது கையால் எடுத்தார். நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன்.

டிசம்பரில் ஒரு நாள் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்தார். சேலைக்கு மேல் போடுகிற, முன்பக்கம் திறந்த வகை. வீட்டில் உட்கார்ந்து தானே யோசித்து, தானே பின்னியது. வலது பக்கத்தில் மட்டும் தடித்த ஜடைப் பின்னல் ஒன்று இடுப்பிலிருந்து தோள் வரை மேடு தட்டி ஏறியது. காரணம் சொல்லாமலே புரிந்தது. அடுத்த வாரம் அண்ணன் மகன் கல்யாணம், விடியற்காலை முகூர்த்தம், குளிருக்கு என்று போட்டுக்கொள்ளலாம். முதலில் என்னைப் போடச் சொன்னார். போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தேன், குனிந்தேன், உட்கார்ந்தேன். என் மேல் அது பிரமாதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? எனக்குத்தான் இரண்டு பக்கமும் இருக்கிறதே!

“இப்ப நான் போடறேன். நீ சொல்லு” என்று அவர் போட்டுக்கொண்டார். நேராகப் போய்க் கம்பிக்குக் கீழே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ‘கம்பியைப் பிடிங்க மேடம்’ என்று நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருடமாக அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அந்தக் கை மேலே போகாது என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

“சூப்பரா கீது மேடம்” என்றேன்.

“உடம்புக்கு எத்தனை?”

“பத்துக்குப் பத்து.”

“பத்தா?”

“பத்து மேடம்.”

இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து தாளில் பத்து என்று எழுதினார்.

கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “அட்சதை போடக் கையைத் தூக்கினேன். கை பாதியிலேயே நின்னுடுச்சு. ஸ்வெட்டர் மட்டும் இழுத்துக்கிட்டு மேல ஏறிடுச்சு. எல்லாரும் பாக்காத மாதிரி பாத்தாங்க” என்றார்.

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் மேடம்...”

“யார் மனசு?”

நான் தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“கம்பிக்குக் கீழ போய் எதுக்கு நின்னேன்? நீ கேப்பேன்னுதானே? ஆபரேஷன் ஆனதிலேர்ந்து எல்லாரும் என்னைப் பாத்து நல்லா இருக்கீங்க, நல்லா இருக்கீங்கன்னே சொல்றாங்க. நீயுமாம்மா?”

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். அவர் காலமாகி இப்போது மூன்று வருடம். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் உடம்பு மீடியத்தைத் தாண்டிப் போய் நாளாகிவிட்டது; வேறொரு பெண் போட்டுக் காட்டுகிறாள். எதைப் போட்டாலும் “சூப்பர் மேடம்” என்கிறாள். திட்டினால் பயந்துபோய் இன்னும் பலமாக சூப்பர் என்கிறாள். வீட்டில் நான் மட்டும். புனேயில் இருக்கும் மகன் போனில் முகம் காட்டுவான். புதிதாக எதையாவது உடுத்திக்கொண்டு எப்படியடா இருக்கிறது என்றால், “நல்லா இருக்கும்மா” என்று வேறெங்கோ பார்த்தபடி சொல்வான். ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது. அடிப் பாவி, இதைத்தானே நீயும் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது மல்லேஸ்வரம் வீட்டில். மெட்ரோவில் போனேன். காபி கொடுத்தார். மழையைப் பற்றி, மாவிலை விலையைப் பற்றிப் பேசினோம். மெலிந்திருந்தார். அந்த ஸ்வெட்டர் எங்கே என்று எப்படியோ வாயைத் திறந்து கேட்டேன். “பிரிச்சு உருண்டையா சுத்தி வச்சுட்டேன்” என்றார், அவ்வளவுதான். நான் கிளம்பியபோது கேட் வரை கூட வந்தார். சட்டென்று நின்று, வலது கையை மெதுவாகத் தூக்கினார். தோளுக்குக் கீழேயே அது நின்றுவிட்டது.

“இவ்வளவுதான் வருது. நல்லா பாத்துக்கோ.”

பார்த்தேன். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

“கக்கத்துல ரெண்டு இன்ச் விட்டிருக்கணும் மேடம். ஜடையை ஓரத்துக்குத் தள்ளிப் பின்னணும். அன்னிக்கு இருந்ததுக்கு உடம்புக்கு மூணு மார்க்தான்” என்றேன்.

“மூணு” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் எத்தனையோ மாதமாகக் காணாத ஒரு தெளிவு வந்தது.

“அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொண்ணு பின்னியிருப்பேன்மா. அப்ப விரல்ல தெம்பு இருந்தது” என்றார். இடது கையால் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.