கைகுலுக்கும் நாளில் கேட்டுக்கு வெளியே

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை டீக்கடை. டிவியில் நம் அமைச்சரும் ஒரு வெளிநாட்டு அமைச்சரும் கையை விடாமல் குலுக்குகிறார்கள். வணிகத்துக்கு இனி தடையே இல்லையாம், வளர்ச்சி கொட்டப் போகிறதாம்.

எதிரே உள்ள கம்பெனியை அந்த நாட்டுத் தூதுக்குழு சுற்றிப் பார்க்கிறது. கேட்டுக்கு வெளியே டீ கிளாசும் கையுமாக ஒரு கூட்டம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.

"ஸ்ட்ரைக்காம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்கிறேன்.

"இல்ல சார், நாங்க காண்ட்ராக்ட்டு. இங்க எல்லாருமே பர்மனெண்ட்டுன்னு சுத்திப் பாக்க வந்தவங்களாண்ட சொல்லி வெச்சிக்கீறாங்க. அதான் எங்கள வெளிய தள்ளிட்டு, ஆபீஸ் ஆளுங்க யூனிபார்ம் மாட்டிக்கினு மெஷினாண்ட நிக்கிறாங்க."

"ஓட்டத் தெரியுமா அவங்களுக்கு?"

"இன்னாத்த ஓட்றது? சுவிட்சு எங்க கீதுன்னு காலைல என்னாண்டதான் கேட்டாங்க."

செக்யூரிட்டி மூச்சிரைக்க ஓடி வருகிறார். "வந்தவங்க முன்னாடியே மெஷின் நின்னுபோச்சும்மா, சீக்கிரம் வா! மெயின் கேட்டாண்ட வராத, பின்னாடி வா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வளர்ச்சி பின்பக்கமாக உள்ளே போகிறது.