கன்னியம்மா உட்காராத நாற்காலி

குமணன்சாவடியில் கன்னியம்மாவின் வாடகைச் சாமான் கடையைத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவர் கல்யாணம் என்ற ஒன்றையே பார்க்காதவராக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பூந்தமல்லியும் இந்தப் பக்கம் காட்டுப்பாக்கமுமாக எங்கே மேளம் கொட்டினாலும் அண்டா அவளுடையது, ஜமக்காளம் அவளுடையது, மடக்கு நாற்காலி அவளுடையது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபா இருக்கிறதே, அது கடையின் மகாராணி. அந்த வட்டாரத்துக்கே அப்படி ஒன்றுதான். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் குரலை விட இவள் குரல்தான் பெரிதாகக் கேட்கும். "நாற்காலிய இஸ்காதய்யா! தூக்கி வை!" என்று ஒரு சத்தம் போட்டாளானால் நாதஸ்வரக்காரரே ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

இத்தனை நாற்காலிக்குச் சொந்தக்காரி, ஒன்றில்கூட உட்கார்ந்தது கிடையாது. வாடகைக்குப் போகிற சாமானில் முதலாளி குந்தினால் கடை படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால், "நாந்தான் சொல்றேன், இன்னா இப்போ?" என்பாள். சோறு தின்பதும் வெற்றிலை போடுவதும் தரையில்தான். அவள் புருஷன் நாகப்பன், பாவம், ஒருநாள் அலுப்பில் சோபாவில் சாய்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் வாங்கிய வசவை அச்சில் ஏற்ற முடியாது.

ஊரே அவளை வாடகைக்காரம்மா என்றுதான் கூப்பிடும். அக்கா என்று கூப்பிட்டவள் புஷ்பா ஒருத்திதான். காட்டுப்பாக்கத்தில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக அவளுக்கு ஒரு ஓட்டு வீடு. ஆவடியில் டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த குணசேகரன், விடுமுறை நாளெல்லாம் கொத்தனாரோடு சேர்ந்து மண் குழைத்துக் கட்டியது. புஷ்பாவின் வளைகாப்புக்குச் சாமான் இறக்க வந்த கன்னியம்மா, தாயில்லாத பெண் பந்தியைக் கவனிக்க ஆளில்லாமல் முழிப்பதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பரிமாறிவிட்டுத்தான் கிளம்பினாள். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பெண்ணைப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

எழுபத்து நாலில் குணசேகரனுக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் ரயிலில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் போய்விட்டான். வீட்டை விற்றுவிட்டு வருவதாக புஷ்பா கைக்குழந்தையோடு இருந்தாள். வீடா விற்கும்? வருகிறவர்கள் வெறும் தரையையும் சுவரையும் பார்ப்பார்கள். பேசினால் எதிரொலிக்கும். "காலியா கீற ஊடு, இன்னா கதையோ" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார்கள்.

"பாப்பா நடக்கவே ஆரம்பிச்சிட்டா அக்கா. அவங்க அப்பா இன்னும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு புஷ்பா ஒருநாள் அழுதாள்.

கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அது ஆவணி மாதம். சோபாவுக்கு அடிதடி நடக்கிற நேரம். கேட்டு வந்தவர்களிடம் ஸ்பிரிங் போய்விட்டது என்று கூசாமல் புளுகிவிட்டு, நாகப்பனின் வண்டியில் அதை ஏற்றிக் காட்டுப்பாக்கத்துக்கு விட்டாள். அவளிடம் இருந்ததெல்லாம் கல்யாணச் சாமான்தானே? முன்னறையில் சோபா. அதற்குப் பின்னால் ரோஸ் கலர் சாட்டின் திரை. எதிரே மடக்கு நாற்காலிகள். ஓரத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு. போதாததற்கு முக்காலி மேல் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும். பார்த்தால் நலங்கு இப்போதுதான் முடிந்த மாதிரி இருந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கோ அக்கா?" என்றாள் புஷ்பா.

"சும்மா இரு கண்ணு. ஊடுன்னா லட்சுமிகரமா இருக்க வேணாமா? நான் உனக்குப் பெரிம்மா. கேட்டா அப்படியே சொல்லு."

மறுநாள் வந்தவர்கள் ரகுநாதனும் அவர் மனைவி பத்மாவும். அவருக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. அடுப்பில் ரவா கேசரி கிண்டிய வாசனை வாசல் வரை வந்தது. பத்மாவின் முகம் மலர்ந்ததைக் கன்னியம்மா கவனித்துக்கொண்டாள். கேசரி கொடுத்தாள், வாய் நிறைய உபசாரம் பண்ணினாள், பண்ணிவிட்டு வழக்கம்போலத் தரையில் குந்திக்கொண்டாள்.

"என்னங்க பெரியம்மா, இத்தனை நாற்காலி இருக்க நீங்க ஏன் கீழே?" என்று கேட்டாள் பத்மா.

"எனக்கு இதாம்மா வாட்டம்" என்று சமாளித்தாயிற்று.

அதோடு போயிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று ரகுநாதன் தன் நாற்காலியை அப்படியே நகர்த்தினார். தரையில் கர்ரென்று ஒரு சத்தம். கன்னியம்மாவுக்குத் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"இஸ்காதய்யா! தூக்கி வை! காலு ஒட்ஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! நம்ம கல்யாணத்துல உங்க மாமாவைத் திட்டினாங்களே, அதே குரல்ங்க! இதுவும் நாம உட்கார்ந்த அதே சோபாங்க!"

ரகுநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஓஹோ, எல்லாம் வாடகையா? நாற்காலியிலேயே பித்தலாட்டம்னா வீட்டுல என்னென்ன இருக்கோ? கிளம்பு பத்மா." புஷ்பா குழந்தையை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் ரயிலேறுவது அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருந்தது.

கன்னியம்மா எழுந்தாள். சாட்டின் திரையை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கீழே போட்டாள். பின்னால் சுவரில் பெரிதாக ஈரக்கறை.

"பார்த்துக்கோ நைனா. மழை பேஞ்சா இங்க ஓதம் ஏறும். மறைச்சது நானு, இந்தப் பொண்ணு இல்ல. இத்தத் தவிர இந்த ஊட்ல ஒரு கொறையும் கெடையாது. சாமான் என்னது, ஒத்துக்கறேன். ஆனா செவுரு இந்தப் பொண்ணோட புருசன் வெச்சது. அவன் இன்னும் கொயந்த நடக்கறதப் பாக்கல. அதுக்கோசரம்தான் இந்த வேஷம். புட்ச்சா எட்த்துக்கோ, இல்லன்னா கேசரியத் துன்னுட்டுப் போ."

ரகுநாதன் வாசல் வரை போய்விட்டார். பத்மா நகரவில்லை. கறையைத் தடவிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் ஜன்னலைத் திறந்து மூடினாள். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து, "கல்யாணத்தன்னிக்கு ஒரு ஆள் கூட இவ்வளவு உண்மை பேசலைங்க. எனக்கு இந்த வீடு வேணும்" என்றாள். ரகுநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு வியாபாரம் முடிந்தது.

புஷ்பா ஓடிவந்து கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் கன்னியம்மாவுக்கு உறைத்தது. சாமர்த்தியமாக வேலை பார்த்து, தன் பெண்ணைத் தானே வழியனுப்பிவிட்டோமே!

கிளம்புகிற அன்று காலை நாகப்பன் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினான். கடைசியில் வெறும் அறையில் சோபா மட்டும் இருந்தது.

"ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உட்காருங்க அக்கா" என்றாள் புஷ்பா.

"வாணாம் கண்ணு, கடை படுத்துடும்."

"அப்புறம் நான் எப்போ அக்கா உங்களைப் பார்க்கப்போறேன்?"

கன்னியம்மா முந்தானையால் வெல்வெட்டைத் துடைத்தாள். மெல்ல, ஓரமாக, வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள். புஷ்பா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தை தத்தித் தத்தி வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

சோபாவைத் தூக்க உள்ளே வந்த நாகப்பன் திகைத்து நின்றான். எப்போதும் தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல் அன்றைக்கு அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"செத்த இருய்யா. இன்னும் ஆளு குந்திகினு கீது."